கொடுக்கு இல்லாத தேள்

பவானி! உன்னை நினைத்தால் முகம் வருவதற்கு முன்னால் எனக்கு அந்தத் தேள்தான் வருகிறது. இடது கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, பச்சை குத்திய தேள். எட்டுக் கால் இருந்தது, முன்னால் இரண்டு இடுக்கி இருந்தது, வால் வளைந்து மேலே ஏறியது. நுனியில் கொடுக்கு மட்டும் இல்லை. நீ மீன் கழுவும்போதும், தலை பின்னும்போதும், துணி அலசும்போதும் அந்தத் தேள் உன்னோடு சேர்ந்து அசையும். உன்னைப் பழவேற்காட்டு மண்ணில் வைத்துவிட்டு வந்து பத்து மாதம் ஆகிறது. இனி இதில் உன்னைத் தங்கச்சி என்றே எழுதுகிறேன். பெயரை எழுதினால் கை நின்றுவிடுகிறது. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தங்கச்சி பிறந்தது அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெயில்காலம். எனக்கு அப்போது ஏழு வயது. எங்களுடையது ஏரிக்கரையில் மீன் பிடிக்கிற குப்பம். அம்மா மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பொன்னேரி வரைக்கும் போய் விற்று வருகிறவள். நிறைமாதத்தில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்த மஞ்சளை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கண், நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். படுத்த பாயில் வேர்வை பட்ட இடம்கூட மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தார்கள். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. அந்தப் படுக்கையிலேயே பிரசவமும் வந்துவிட்டது. குப்பத்தில் எல்லாரும் இரண்டு உயிரும் போய்விடும் என்றே நினைத்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்று பெண்கள் சத்தமில்லாமல் அழுததை நான் பார்த்தேன்.

ஆனால் குழந்தை கத்திக்கொண்டு வெளியே வந்தது. கண் இரண்டும் பால் போல வெள்ளை. மஞ்சளான தாயின் வயிற்றில் இருந்து மஞ்சளே படாமல் ஒரு குழந்தை! பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார்கள். "ஆத்தா உள்ளாற கையை வெச்சித் தடுத்துக்கினா, பாரேன்" என்று ஒருத்தி சொன்னது குப்பம் முழுக்கப் பரவியது. மூன்று வாரம் கழித்து அம்மாவின் கண்ணும் வெளுத்தது. வெயிலில் வைத்த தண்ணீரில் வேப்பிலை போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் எங்கள் ஊரில் நோய் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் திரும்பி வந்துவிடும் என்று பயம். அம்மா பெரியபாளையத்து அம்மனின் பெயரையே குழந்தைக்கு வைத்தாள். ஆடி மாதம் தவறாமல், கட்டிக் கொடுக்கிற வரைக்கும், குழந்தைக்கு வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டாள். வேப்பங்கொத்துகளைக் கயிற்றில் தொடுத்து உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போகிற வேண்டுதல் அது.

ஒவ்வொரு ஆடிக்கும் மூன்று பேரும் போனோம். அந்தத் தேளும் அங்கே வந்ததுதான். தங்கச்சிக்குப் பன்னிரண்டோ பதிமூன்றோ வயது. வேப்பஞ்சேலையை அவிழ்த்ததும் கூட்டத்தில் காணாமல் போனாள். தேடிப் போனால், கோயிலுக்கு வெளியே பச்சை குத்துகிற கிழவி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேருக்குக் குத்திய அதே ஊசி, அதே கொட்டாங்குச்சி மை. அம்மா பார்த்துவிட்டாள்.

"எந்திரிடி! ஆத்தா குடுத்த உடம்புல ஊசி ஏத்தறியா?"

"இன்னும் கொடுக்கு ஒண்ணுதாம்மா பாக்கி, இரும்மா!"

"உன் கொடுக்கை நான் அறுக்கறேன் வா!" என்று அம்மா அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். கிழவி பின்னாலேயே கத்தினாள், "ஏம்மா, கொடுக்கு இல்லாத தேளை யாரும்மா தேளுன்னு சொல்வாங்க?" பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும் தங்கச்சி கையை ஊதிக்கொண்டே சிரித்தாள்.

நான் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் இரும்பு உருக்குகிற ஆலையில் வேலை. தங்கச்சியும் என்னோடு வந்து தங்கி, இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் நின்றுகொண்டு, தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, சதையை பேசினில் போட வேண்டும். மற்றவர்கள் அரை பேசின் உரிக்கிற நேரத்தில் அவள் ஒரு பேசின் நிரப்புவாள். நான் ஒரு நாள் சோறு கொண்டுபோனபோது வாசலில் நின்று அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். விரல் போவது தெரியவில்லை, தேள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தலைவலி என்று படுத்தவள் இல்லை. ஏரியில் என் அண்ணன் தம்பி முறை ஆண்களை நீந்தித் தோற்கடித்தவள். "எனக்கு ஒடம்பு ஆத்தா செஞ்சதுக்கா, உனக்குத்தான் அம்மா செஞ்சது" என்று என்னைக் கேலி பண்ணுவாள்.

முதலில் நான் கவனித்தது ரத்தம். இறாலின் கொம்பு குத்தினால் எல்லாருக்கும் ஒரு சொட்டு வரும், நின்றுவிடும். இவளுக்கு நிற்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள், மறுநாளும் ஈரமாக இருந்தது. பிறகு கால் வீங்கியது. ஐஸில் நிற்பதால் என்றோம். அப்புறம் முகம் ஒடுங்க ஒடுங்க வயிறு மட்டும் மேலே வந்தது.

கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு வந்தால் ஊர் என்ன சொல்லுமோ அதைத்தான் ஷெட்டும் சொன்னது. பக்கத்தில் உரிக்கிற ஒரு அக்கா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டாளாம். "இன்னாடி, சாப்பாடே போடாம கல்யாணத்தை முடிச்சிக்கினியா?"

"ஆமாக்கா. மாப்ள யாருன்னு உன் ஊட்டுக்காரரைக் கேளு, அவருக்குத்தான் தெரியும்" என்று இவள் சொல்லி, ஷெட்டே சிரித்து, கேட்டவள் பேசினைத் தூக்கிக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டாளாம். இதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். நான் சிரிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டே விட்டேன். அவள் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து வயிற்றின் மேல் வைத்தாள். தண்ணீர் நிரப்பிய தோல்பை மாதிரி இறுகி இருந்தது.

"நீ ரெண்டு பெத்தவதானே. சொல்லு, உள்ள இருக்கறது புள்ளையா?"

அன்றைக்கே ரயில் ஏறி மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ரத்தத்தை எடுத்து வேறு எங்கேயோ அனுப்பினார்கள். சில நாள் கழித்து ஒரு டாக்டர் நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஈரல் கெட்டுப்போய்ச் சுருங்கியிருக்கிறது, காமாலைக் கிருமி ரத்தத்தில் குடியிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது என்றார். பிறகு வரிசையாகக் கேட்டார்.

"குடிப்பியாம்மா?"

"எறா உரிக்கறவளுக்கு தண்ணி குடிக்கவே நேரம் இல்ல டாக்டரே."

"யார் ரத்தமாவது உனக்கு ஏத்தியிருக்காங்களா? அடிக்கடி ஊசி போட்டிருக்கியா?"

"சின்ன வயசுல காய்ச்சலுக்கு ஒண்ணு ரெண்டு."

"இது என்ன, தேளா? எங்க குத்தினே?"

அவள் பெரியபாளையத்துக் கதையைச் சொன்னாள். அவரும் சிரித்தார். "சரி, மஞ்சள் காமாலை எப்பவாவது வந்திருக்கா?"

நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அதுவும் பெருமையாக. "இவளுக்கு வந்ததே இல்ல டாக்டர். எங்க அம்மாவுக்குத்தான் வந்துச்சு. இவ வவுத்துல இருக்கச்சொல்லோ, பொழைக்கவே மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. ஆனா இவளை அது தொடவே இல்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பொறந்தப்போ அம்மாவுக்குக் காமாலை இருந்துதா? அந்த நேரத்துலயேவா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு எழுந்து போய், படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னார், எங்களுக்குத் தமிழில் சொன்னார். அவர் சொன்னதை என் பேச்சில் என்னால் முடிந்த அளவு எழுதுகிறேன்.

இந்தக் கிருமி பெரியவர்கள் உடம்பில் நுழைந்தால் உடம்பு சண்டை போடும். காய்ச்சலும் வாந்தியும் மஞ்சளும் அந்தச் சண்டைதான். மஞ்சளாகப் போய்ப் பயமுறுத்துகிற பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் கிருமியைத் துரத்திவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பேருக்குத்தான் அது தங்கிப் போகிறது. உடம்பில் எதிர்ப்பு குறைந்தவர்களுக்குத் தங்கலாம். தங்கியவர்கள் சாராயமும் குடித்தால் ஈரல் சீக்கிரம் கெடும். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், எந்த வயதில் உள்ளே வந்தது என்பது. பச்சைக் குழந்தைக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். "யார் சொந்தம், யார் வேத்தாள்னு உடம்பு கத்துக்கற நாள் அது. அப்ப உள்ளே வந்ததையும் சொந்தம்னு நினைச்சு இடம் குடுத்துடும். சண்டை இல்ல, அதனால மஞ்சள் இல்ல. யாருக்கும் தெரியாது. சத்தமில்லாம கூடவே வளரும்" என்றார். ஈரல் அவ்வளவு பொறுமையான உறுப்பாம். பெரும்பகுதி கெடுகிற வரைக்கும் மிச்சம் இருக்கிற கொஞ்சத்தை வைத்துக்கொண்டு முழு வேலையையும் செய்யுமாம், ஒரு வலி காட்டாதாம். இவ்வளவு சின்ன வயதில் சுருங்குவது அபூர்வம், ஏன் என்று டாக்டர்களுக்கே தெரியாது, இதெல்லாம் இப்போதுதான் புத்தகத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணில் நான் பார்த்தது, எங்கள் ஊர்ப் பெண்கள் பிறந்த குழந்தையின் இமையைத் தூக்கிப் பார்த்தபோது இருந்த அதே திகைப்பு.

குப்பமே அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றது. மஞ்சள் ஏறிய அம்மா பிழைத்து இன்னும் கூடை தூக்குகிறாள். மஞ்சள் ஏறாத வெள்ளைக் கண்ணைப் பார்த்து நாங்கள் கும்பிட்டோம். அதே கண்ணுக்குப் பின்னால், அவள் நீந்தியபோதும், ஓடியபோதும், பேசின் பேசினாக இறால் உரித்தபோதும், அந்த ஈரல் பதினெட்டு வருஷம் ஒரு முனகல் இல்லாமல் வேலை செய்திருக்கிறது.

"அம்மா கிட்டேருந்துதான் வந்ததா டாக்டர்?" என்று தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்.

"என் மனசு அப்படித்தான் சொல்லுது. ஆனா அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஊசியாலயும் வரலாம், பச்சை குத்தினதாலயும் வரலாம். அந்த ஊசி எத்தனை பேர் ரத்தத்தைத் தொட்டுதோ."

அன்று சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் அம்மா வருவதாக இருந்தது. தங்கச்சி கையில் இருந்த தேளைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, டாக்டரு எத்தினி காரணம் சொன்னாரு?"

"எதுக்குடி இப்ப அது?"

"அதுல எனக்கு ஒண்ணு வேணும்."

"இன்னாடி, கடையில பொடவை எடுக்கற மாதிரி கேக்கற?"

"அப்டித்தான்னு வெச்சிக்கோ. அம்மா கிட்டேருந்து வந்துச்சுன்னு சொன்னா அந்த மனுசி தாங்குமா? நான் பொறந்ததுலேருந்து ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுது, என் வவுத்துல இருந்த காமாலை எம்பொண்ணைத் தொடலன்னு. ஊசின்னு சொன்னா எனக்கு ஊசி போட்ட கம்பவுண்டரு ஊட்டு வாசல்ல போய் மண்ணை வாரித் தூத்தும். அந்த ஆளு நல்ல மனுசன். எனக்குத் தேளு போதும். அது நானே போய் குத்திக்கினது. அம்மா வேணான்னு சொல்லியும் குத்திக்கினது. என் கொழுப்புன்னு போவட்டும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"டாக்டரே அடிச்சிச் சொல்லலியே. அவரு விட்ட எடத்துல நான் பூந்துக்கறேன், அவ்ளோதான்." என் கையை எடுத்து அந்தத் தேளின் மேல் வைத்து அழுத்தினாள். "சத்தியம் பண்ணு. அம்மாக்குத் தெரியக் கூடாது."

சாகப் போகிறோம் என்று தெரிந்த அன்றைக்கே, டாக்டர் சொன்ன காரணங்களில் தன்னைத் தவிர வேறு யாரையும் சுடாத ஒன்றைத் தேடி எடுத்தவளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். அன்றைக்கு அவள் எதிரில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மா வந்தாள். கேட்டாள். தங்கச்சியின் கையைத் திருப்பி அந்தத் தேளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே சொன்னனேடி. சொன்னனே. கொடுக்குகூட குத்த விடாம இட்டுக்கினு வந்தேனே, கொடுக்கு இல்லாமலே கடிச்சிச்சேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீதாம்மா லேட்டு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீன்னா வாலும் இருந்திருக்காது" என்று தங்கச்சி சிரித்தாள். அம்மா அழுதுகொண்டே அவள் தோளில் ஒரு அடி வைத்தாள். அப்போது தங்கச்சி என்னைப் பார்த்தாள். முடிந்தது என்கிற மாதிரி ஒரு பார்வை.

என் ரத்தத்தையும் அம்மாவின் ரத்தத்தையும்கூட டாக்டர் கேட்டு வாங்கினார். இரண்டு பேரிடமும் கிருமி இல்லை. "அம்மா உடம்பு சண்டை போட்டு முழுசா ஜெயிச்சிருக்கும்" என்று, தங்கச்சி கேட்டுக்கொண்டபடி, என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். "உங்க யாருக்கும் இல்ல, நல்லது" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா உடனே கோயில் இருக்கிற திசை எது என்று கேட்டுக் கும்பிட்டாள்.

அந்த ஆடியிலும் பெரியபாளையம் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதம். நான் வேண்டாம் என்றேன். தங்கச்சி போகலாம் என்றாள். வேப்பங்கயிறு வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. அம்மா இன்னொரு கொத்தை எடுத்து முடிச்சுப் போட்டு நீட்டினாள். கையும் காலும் குச்சியாக, நடுவில் அந்த வயிறோடு, பச்சை இலைக்குள் தங்கச்சி அடி அடியாக நடந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எந்தக் காமாலையில் இருந்து குழந்தையைக் காப்பாற்றியதற்காக அம்மா நன்றி சொல்லிக்கொண்டு போகிறாளோ, அதே காமாலையைத் தங்கச்சி உள்ளே சுமந்துகொண்டு பின்னால் போகிறாள். தெரிந்தே போகிறாள். சுற்றி முடித்ததும் கேட்டேன்.

"இன்னாடி வேண்டிக்கினே?"

"ஒண்ணும் வேண்டல. அம்மா சந்தோசமா சுத்திச்சி, அதைப் பாத்துக்கினே வந்துட்டேன்."

புரட்டாசியில் ஒரு காலை, பல் தேய்க்கும்போது ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்டும்போது உடம்பு முழுக்க மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சளை அவள் மேல் நான் பார்த்தது அந்தக் கடைசி நாட்களில்தான். அம்மா அவள் இடது கையை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவினாள். தேள் போகவில்லை.

இந்த ஆடியில் அம்மாவும் நானும் மட்டும் பெரியபாளையம் போனோம். வேப்பஞ்சேலை கட்ட ஆள் இல்லை. அம்மா கோயிலுக்குள் வரவே இல்லை. நேராகப் பச்சை குத்துகிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். கை நீட்டுகிற பெண்களை எல்லாம் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். "எந்திரிடி கண்ணு. ஊரு ரத்தம் பட்ட ஊசி. எம்பொண்ணு போய்ட்டா, எந்திரி" என்று கெஞ்சினாள், திட்டினாள். சிலர் பைத்தியம் என்று சிரித்தார்கள். பச்சை குத்துகிற கிழவி முதலில் சண்டைக்கு வந்தாள். அம்மா தன் கையில், தங்கச்சிக்குத் தேள் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னாள். கிழவிக்கு ஞாபகம் வந்துவிட்டது போல. "கொடுக்கு குத்தாம இட்டுக்கினு போனியே, அந்தப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு, ஊசியை மூடி வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் தூரத்தில் நின்று பார்த்தேன். நடந்தது என்னவென்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. என் கையின் கீழே தங்கச்சிக்குப் பண்ணின சத்தியம் துடித்தது. அம்மா அன்றைக்கு எத்தனை பெண்களை எழுப்பினாளோ, அத்தனை பேரும் அந்த ஊசியில் இருந்து தப்பித்துப் போனார்கள். அதுவும் டாக்டர் சொன்ன காரணங்களில் ஒன்றுதானே. என் தங்கச்சி விட்டுப்போன பொய், யாரோ ஒரு பெண்ணின் ஈரலைக் காவல் காக்கிறது.

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் காமாலையோடு ஒருத்திக்குப் பிரசவம் ஆனால், தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு விட்டுவிடாதீர்கள். கண் வெள்ளையாக இருக்கிற குழந்தையையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஆடியில் பெரியபாளையம் போனால், பச்சை குத்துகிற இடத்தில் ஒரு மீன்காரம்மா பெண்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவள் எழுப்பினால் எழுந்துவிடுங்கள். அப்படியே கோயிலுக்கு உள்ளே போய், கொடுக்கு இல்லாத தேளைக் கையில் வைத்திருந்த என் பவானிக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் அம்மனிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.